கற்றுக்கொடுத்த பையன் பக்கத்துப் பட்டறைக்குப் போகிறான்: பாண்ட் எழுதி வாங்கலாமா?

கேள்வி: கோவை கணபதியில் சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். நிரந்தர ஆட்கள் 21 பேர், கான்ட்ராக்டில் 13 பேர். போன வருடம் ஐடிஐ முடித்த மூன்று பையன்களை டிரெய்னி என்று எடுத்து, மாதம் பத்தாயிரம் கொடுத்தேன். இரண்டு பேர் நான்கைந்து மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே இரண்டாயிரம் அதிகமாம். ஒருவன் மட்டும் இருக்கிறான். இப்போது ஆடிட்டர், சட்டப்படி அப்ரன்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். 21 பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது எதற்கு? எடுத்தாலும் நிறுத்தி வைப்பது எப்படி? ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? பாண்ட் எழுதலாமா? மெஷினை ஜாப்புக்குத் தயார் செய்து அளவு திருத்தும் என் சீனியர் செட்டர் தங்கமான வேலைக்காரர். ஆனால் பையன்களுக்கு ஒன்றும் சொல்லித் தருவதில்லை. ‘கத்துக்கிட்டு ஓடப் போறவனுக்கு எதுக்குங்க’ என்கிறார். யோசித்தால் அவர் சொல்வதும் சரி என்றுதான் படுகிறது.

பதில்: வணக்கம். உங்கள் ஆடிட்டர் சொன்னது சரி. உங்கள் செட்டர் சொன்னது பாதி சரி. சர்டிபிகேட் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின் விதிகளை 2019-இல் திருத்தினார்கள். அதன்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரன்டிஸ் எடுப்பது கட்டாயம். நான்கு பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் எடுக்கலாம். நீங்கள் தவறவிட்ட இடம், அந்த 30 என்ற கணக்கில் கான்ட்ராக்ட் ஆட்களும் சேர்த்தி. 21-உம் 13-உம் 34. மொத்த ஆட்களில் இரண்டரை சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை எடுக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை. முதல் வருடம் இரண்டு பேர் போதும். ஐந்து பேரை வைத்துச் சொல்லித்தர உங்களிடம் இப்போதைக்கு ஆள் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பதிவெல்லாம் மத்திய அரசின் அப்ரன்டிஸ்ஷிப் போர்ட்டலில்தான். முதலில் நிறுவனத்தைப் பதிய வேண்டும், அப்புறம் எந்த டிரேடில் எத்தனை இடம் என்று காட்ட வேண்டும், பையனும் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும், கடைசியில் இருவருக்கும் இடையே ஒப்பந்தம். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது சிக்கினால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு நேரில் போய்விடுங்கள். போனில் பேசித் தீராத விஷயம் நேரில் போனால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பணம். 2019 விதிகளில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000. படிப்புக்குத் தக்கபடி 5,000 முதல் 9,000 வரை போன இந்தத் தொகைகளை 36 சதவீதம் கூட்டலாம் என்று மத்திய அப்ரன்டிஸ் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. அதனால் ஒப்பந்தம் போடும் அன்று போர்ட்டலில் என்ன தொகை காட்டுகிறதோ அதைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள். தேசிய அப்ரன்டிஸ்ஷிப் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. 2023-இலிருந்து இந்தப் பங்கு பையனின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. மீதியை நீங்கள் போட வேண்டும். அவனுடைய கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். இல்லையென்றால் அரசின் பங்கு வந்து சேராது, ‘முதலாளி பிடித்துக்கொண்டார்’ என்று பேச்சு வரும். அரசின் பங்கு சம்பளத் தேதியன்றே வந்துவிடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிப்ளமோ பையன்களுக்கு வேறு வழி இருக்கிறது. அதைச் சென்னையில் உள்ள தென்மண்டல அப்ரன்டிஸ் பயிற்சி வாரியம் பார்க்கிறது. அதில் குறைந்தபட்சத் தொகையில் பாதி அரசினுடையது. உங்கள் வேலைக்கு ஐடிஐ டர்னர், மெஷினிஸ்ட் போதும் என்பது என் கருத்து. டிப்ளமோ படித்தவர் ஆறு மாதத்தில் மேஜை நாற்காலியைத் தேடுவார்.

ஒரு சபலம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். இதுவரை பத்தாயிரம் கொடுத்தீர்கள். ‘சட்டமே ஏழாயிரம்தான் சொல்கிறது’ என்று இறக்கிவிடத் தோன்றும். வேண்டாம். அது குறைந்தபட்சம், அதற்கு மேல் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. தருமபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்து கணபதியில் நான்கு பேரோடு அறை எடுத்துத் தங்குகிற பையனுக்கு வாடகையும் சாப்பாடும் போக அந்தத் தொகையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரத்தையே தொடருங்கள், அரசின் பங்கு போக உங்கள் கையிலிருந்து போவது 8,500. மதியச் சாப்பாட்டையும் பட்டறையிலேயே போட்டுவிட்டால் அந்த இரண்டாயிரம் வித்தியாசத்தில் பெரும்பகுதி சரியாகிவிடும். பையனின் வீட்டிலும் அது எடுபடும். ‘அங்கே சாப்பாடு போடறாங்க’ என்பது அம்மாக்களிடம் செல்லுபடியாகும் வாதம்.

இனி நீங்கள் டிரெய்னி என்று எழுதியிருந்தீர்களே, அந்த விஷயம். அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிந்து எடுத்தவர் சட்டத்தின் பார்வையில் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அவருக்கு பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது. ஆனால் ஒப்பந்தம் இல்லாமல், அட்டென்டன்ஸ் நோட்டில் மட்டும் டிரெய்னி என்று எழுதி, எட்டு மணி நேரம் மெஷினில் ஜாப் மாட்டிக் கழற்ற விட்டால் அவர் தொழிலாளியேதான். பிஎஃப் உண்டு, இஎஸ்ஐ உண்டு, குறைந்தபட்ச ஊதியமும் உண்டு. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோதும் அப்ரன்டிஸ் சட்டம் அவற்றுக்குள் கரையாமல் தனியாகவே நிற்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவருக்குத்தான் விலக்கு. ஆகவே இப்போது உங்களிடம் இருக்கும் அந்த மூன்றாவது பையன் உங்கள் தொழிலாளி. அவனை அப்ரன்டிஸாக மாற்றிக் காட்டி எண்ணிக்கையை நிரப்பலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். சேர்ந்த தேதியிலிருந்து அவனை பிஎஃப், இஎஸ்ஐயில் ஏற்றுங்கள், சம்பளத்தை ஆபரேட்டர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பேர் போன பிறகும் அவன் உங்களிடம் இருக்கிறான். அதற்கு இதுவரை அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இஎஸ்ஐ இல்லை என்றால் விபத்து நடந்தால் யார் பொறுப்பு? நீங்கள்தான். பயிற்சியின்போது ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு தர வேண்டிய பொறுப்பைச் சட்டம் முதலாளி மேல்தான் வைத்திருக்கிறது. பாதுகாப்பு, சுகாதார விதிகளும் தொழிலாளிக்கு எப்படியோ அப்ரன்டிஸுக்கும் அப்படியே. இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கிறது என்று நீங்கள் பழகிப்போன இடத்தில் இவனுக்கு அது இல்லை என்பதை மறக்கக்கூடாது. அப்ரன்டிஸ்களின் பெயரையும் சேர்த்துத் தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள், ஒப்பந்தம் தொடங்கும் தேதிக்கு முன்பே. ஓவர்டைம் கூடாது. அப்ரன்டிஸ் ஆலோசகரின் (இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அனுமதி இல்லாமல் அவர்களை ஓவர்டைம் பார்க்க வைக்கச் சட்டம் விடுவதில்லை, பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ உதவும் என்று தெரிந்தால்தான் அந்த அனுமதியும் கிடைக்கும். நைட் ஷிஃப்டிலும் போடாதீர்கள். நைட்டில் செட்டர் இருக்க மாட்டார். செட்டர் இல்லாத ஷிஃப்டில் அப்ரன்டிஸுக்கு என்ன பயிற்சி நடக்கும்?

சரி, சர்டிபிகேட். சான்றிதழ் என்பது அடகுப் பொருள் இல்லை, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரி வழக்குகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அதனால் பலனும் இல்லை. ஐடிஐ சான்றிதழை இப்போது பையன்கள் போனிலேயே டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து யூனிட்காரர் ஒரிஜினலைக் கேட்கப்போவதும் இல்லை, மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து அளவு பார்க்கத் தெரிகிறதா என்றுதான் கேட்பார். உங்கள் அலமாரியில் பேப்பர் கிடக்கும், பையன் அங்கே ஜாப் ஓட்டிக்கொண்டிருப்பான். இந்த ஊர்க்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை: நம் சுற்றுவட்டார மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண் பிள்ளைகளை அப்ரன்டிஸ் என்று சேர்த்து, மூன்று வருடம் முடித்தால்தான் மொத்தத் தொகை என்று பிடித்து வைத்த கதை கோர்ட் வரை போனது. அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. தென் மாவட்டத்துக் கிராமங்களில் ‘கோயம்புத்தூரில் அப்ரன்டிஸ்’ என்றால் இரண்டு முறை விசாரித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பட்டறை என்று ஒருமுறை பெயர் வாங்கினால் நல்ல பையன் உங்கள் கேட்டுக்குள் வரமாட்டான்.

பாண்ட் எழுதலாமா என்ற கேள்விக்கு உங்களுக்குப் பிடிக்காத ஒரு பதில் சட்டத்திலேயே இருக்கிறது. எழுதலாம். பயிற்சி முடிந்ததும் இந்த நிறுவனத்திலேயே இத்தனை காலம் வேலை செய்ய வேண்டும் என்று அப்ரன்டிஸ் ஒப்பந்தத்தில் நிபந்தனை சேர்க்க 22-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த நிபந்தனை இரண்டு பக்கமும் கட்டும். பையன் வேலை செய்யக் கடமைப்பட்டவன், நீங்கள் வேலை கொடுக்கக் கடமைப்பட்டவர். எத்தனை காலம், என்ன சம்பளம் என்பதை இன்றைக்கே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அது நியாயமாக இல்லை என்று அப்ரன்டிஸ் ஆலோசகர் நினைத்தால் திருத்தியும் விடுவார். அதேபோல் பயிற்சி நடுவில் பையன் ஒப்பந்தத்தை முறித்தால் பயிற்சிச் செலவை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும், தொகையை ஆலோசகர் முடிவு செய்வார். நீங்கள் ஒப்பந்தப்படி நடக்காவிட்டால் பையனுக்கு நீங்கள் நஷ்டஈடு தர வேண்டும். வெற்று ஸ்டாம்ப் பேப்பரில் ‘மூன்று வருடத்துக்குள் போனால் ஒரு லட்சம்’ என்று எழுதி வாங்குவது இதில் எதிலும் சேராது.

இந்த 22-ஆவது பிரிவை நான் முதலாளிகளிடம் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு அமைதி நிலவும். ஒரு வருடம் கழித்து என்ன ஆர்டர் இருக்கும் என்று தெரியாமல் இன்றைக்கே எப்படிச் சம்பளம் எழுதுவது என்பார்கள். நியாயமான கவலைதான். பையனுக்கும் அதே கவலை இருக்கிறது. ஒரு வருடம் கழித்து இந்தப் பட்டறையில் தனக்கு என்ன என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்து யூனிட்டில் இரண்டாயிரம் உறுதி என்பது மட்டும் தெரியும். தெரியாத ஒன்றுக்காகத் தெரிந்ததை விடுவதில்லை என்று அவன் முடிவெடுத்தால் அதில் என்ன தப்பு? எழுத முடிந்தால் எழுதுங்கள்: பயிற்சி முடித்து அகில இந்தியத் தேர்வில் தேறினால் ஆபரேட்டர் வேலை, இவ்வளவு சம்பளம், ஒன்றரை வருடம். எழுத முடியாது என்றால் பாண்ட் பேச்சையே எடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் செட்டர். கடிதத்தில் அவரைப் பற்றி மூன்றே வரி எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. போன இரண்டு பையன்களும் நான்கைந்து மாதம் என்ன செய்தார்கள்? நான் ஊகிக்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். கதவைத் திறப்பது, ஜாப்பை எடுப்பது, பிசிறு தட்டுவது, அடுத்த பீஸை சக்கில் மாட்டுவது, பச்சை பட்டனை அழுத்துவது. ஏதாவது அலாரம் அடித்தால் ‘அண்ணா’ என்று கூப்பிடுவது. அண்ணா வருவார், பையனுக்கு முதுகைக் காட்டியபடி ஸ்கிரீனில் ஏதோ இரண்டு எண் அடிப்பார், ‘ஓட்டு’ என்று சொல்லிவிட்டுப் போவார். இதையே பத்தாயிரத்துக்குச் செய்வதற்குப் பன்னிரண்டாயிரத்துக்குச் செய்யலாம் என்று பையன் போனான். அவன் உங்களிடம் கற்றுக்கொண்டு ஓடவில்லை. கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு ஓடினான்.

செட்டரை நான் குறை சொல்லவில்லை. உங்கள் பட்டறையில் இன்சென்டிவ் எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள்? ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் என்றுதானே? அரை மணி நேரம் மெஷினை நிறுத்திப் பையனுக்கு ஒன்றைக் காட்டினால் அவருடைய பையிலிருந்து பணம் போகிறது. பையன் ஒரு ஜாப்பை ஸ்கிராப் ஆக்கினால் ரிஜெக்‌ஷன் அவர் கணக்கில் ஏறுகிறது. இதற்கு மேல், பையனுக்குச் செட்டிங் வந்துவிட்டால் தன்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்ற பயம் வேறு. ஐம்பதைத் தொடும் ஒருவருக்கு அந்தப் பயம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘ஓடப் போறவனுக்கு எதுக்குங்க’ என்பது உங்களிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணம். சொல்ல முடியாத காரணம் இவைதான்.

ஆகவே செலவைப் பையனிடமிருந்து தொடங்காதீர்கள், செட்டரிடமிருந்து தொடங்குங்கள். சொல்லித்தருவதையும் அவருடைய வேலையாக்குங்கள். அதற்கென்று மாதம் ஒரு தனித்தொகை, சம்பள ரசீதில் தனி வரியாக. தினமும் ஒன்றரை மணி நேரம், எந்த மெஷினில் என்று நீங்களே குறித்துக் கொடுத்து, அந்த நேரத்துக்கு பீஸ் கணக்கு கிடையாது என்று சூப்பர்வைசரிடமும் சொல்லிவிடுங்கள். பையன் கெடுக்கும் ஜாப் பயிற்சிக் கணக்கில் போகட்டும், அவர் கணக்கில் வேண்டாம். இன்னொன்று, பையன் தனியாகச் செய்யத் தேறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் செட்டருக்கு ஒரு தொகை. வரைபடம் பார்த்து அளவு சொல்லத் தெரிந்தால் கொஞ்சம், ஆஃப்செட் (அளவைச் சரிசெய்ய ஸ்கிரீனில் அடிக்கும் எண்) திருத்தத் தெரிந்தால் கொஞ்சம், ஒரு ஜாப்பை முழுக்க செட் பண்ணி முதல் பீஸ் ஓகே வாங்கினால் பெரிதாக ஒன்று. அப்புறம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பையன் தேறினால் அவருடைய இடம் போகாது, இரண்டு புது மெஷின் போட்டால் அதற்கு இன்சார்ஜ் அவர்தான் என்று சொல்லுங்கள். போடும் எண்ணம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இல்லாததைச் சொன்னால் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

சொல்லித்தருவது என்றால் எப்படி என்பதற்கு ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். 25 மில்லிமீட்டர் வெளி விட்டம் கடைய வேண்டிய ஒரு ஜாப். காலையில் சரியாக வந்தது, பதினோரு மணிக்கு 25.06 காட்டுகிறது. வழக்கமாகச் செட்டர் வந்து திருத்திவிட்டுப் போய்விடுவார். சொல்லித்தரும் நாளில் அவர் ஸ்கிரீனைத் தொடக்கூடாது. பையன் ஜாப்பை எடுத்து, கூலன்ட்டைத் துடைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். மூன்றும் ஒன்றாக இல்லை என்றால் அதுவே முதல் பாடம். பிறகு கேள்வி. ‘ஏன் கூடுச்சு?’ இன்செர்ட் (வெட்டும் துண்டு) முனை தேய்ந்திருக்கிறது, அதனால் குறைவாக வெட்டுகிறது. ‘எவ்வளவு அடிக்கணும்?’ எக்ஸில், அதாவது விட்டத்துக்கான ஆஃப்செட்டில், 60 மைக்ரான் (0.06 மில்லிமீட்டர்). ‘பிளஸ்ஸா மைனஸ்ஸா?’ இங்கேதான் பையன் முழிப்பான். முழிக்கட்டும். மைனஸ் என்று அவனாகச் சொல்லும்வரை மெஷின் நிற்கட்டும். அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: சந்தேகமாக இருந்தால் 60-ஐயும் ஒரேயடியாக அடிப்பாயா? மாட்டான், முதலில் 40 அடித்து ஒரு வெட்டு பார்ப்பான், ஏனென்றால் விட்டம் கூடுதலாக இருந்தால் இன்னொரு தடவை வெட்டிக்கொள்ளலாம், குறைந்துவிட்டால் ஜாப் ஸ்கிராப். இந்த ஒரு பாடத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அன்றைக்கு மூன்று நான்கு பீஸ் குறையும். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அந்த மெஷினில் அளவு ஓடினால் செட்டரைத் தேடிக்கொண்டு யாரும் வர வேண்டியதில்லை. உங்கள் மெஷினின் மணி ரேட் உங்களுக்குத் தெரியும், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டுப் புத்தகத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பயிற்சிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. பல பட்டறைகளில் அதைக் கடைசி மாதம் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதி முடிப்பார்கள், பார்த்தாலே தெரியும். தினமும் பையன் கையால் நான்கு வரி, சனிக்கிழமை செட்டர் கையெழுத்து, மாதம் ஒருமுறை நீங்கள் புரட்டிப் பார்த்து இரண்டு கேள்வி. முதலாளி தன் நோட்டைப் பார்க்கிறார் என்பது பையனுக்கும் தெரியும், செட்டருக்கும் தெரியும். மூன்றாவது மாதமும் ‘லோடிங், அன்லோடிங்’ என்றே எழுதியிருந்தால் அதைப் பையனிடம் கேட்காதீர்கள், செட்டரிடம் கேளுங்கள்.

முதல் வாரம் மெஷினே வேண்டாம். பாதுகாப்பு மட்டும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்பிண்டிலைப் போடுவது, கடையும்போது வரும் சுருள் கம்பியைக் கையால் இழுப்பது, சுழலும் மெஷின் பக்கத்தில் கிளவுஸ் போட்டுக்கொண்டு நிற்பது, ஏர் கன்னை உடம்பில் அடித்துத் தூசி தட்டுவது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த தப்புகள், எல்லா இடத்திலும் நடக்கிற தப்புகள். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறும் கழுத்துச் செயினும் தனி விஷயம். கோயில் கயிறைக் கழற்று என்றால் பையன் தயங்குவான். சூப்பர்வைசர் சொன்னால் சண்டையாகிவிடும். நீங்களே கூப்பிட்டு, ‘ஷிஃப்ட் முடியற வரைக்கும் பர்ஸுல வெச்சுக்கப்பா’ என்று சொன்னால் கேட்பான்.

பெண்களையும் எடுங்கள். டர்னர், மெஷினிஸ்ட் படித்த பெண்கள் ஐடிஐகளில் இருக்கிறார்கள், அளவு விஷயத்தில் நிதானமாக வேலை பார்ப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் விளம்பரம் போடுவதற்கு முன் பூட்டுப் போட்ட, தண்ணீர் வருகிற தனிக் கழிப்பறை ஒன்று கட்டிவிடுங்கள்.

பக்கத்து யூனிட்டைப் பற்றி. அவர் ஆள் பிடிப்பதை உங்களால் நிறுத்த முடியாது. இதையெல்லாம் செய்த பிறகும் இரண்டு பேரில் ஒருவர் போகலாம். அதை நஷ்டமாக எழுதாதீர்கள். அந்த ஒரு வருடம் பாதி செட்டராக வேலை பார்த்திருப்பான், வெறும் லோடிங் ஆளாக இருந்திருக்க மாட்டான். போகிற அன்று திட்டி அனுப்பாதீர்கள். போனவன் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருவது நம் ஊர்ப் பட்டறைகளில் சர்வ சாதாரணம், திரும்பி வரும்போது வேறு வகை மெஷினின் கன்ட்ரோலையும் கற்றுக்கொண்டு வருவான்.

ஐடிஐகளில் மாதந்தோறும் இரண்டாவது திங்கட்கிழமை அப்ரன்டிஸ் மேளா நடத்துகிறார்கள். அடுத்த மேளாவுக்குப் போகும்போது எச்ஆர் வேலை பார்க்கும் கணக்கரை அனுப்பாதீர்கள், நீங்களும் தனியாகப் போகாதீர்கள். செட்டரை அழைத்துப் போங்கள். ஒரு மைக்ரோமீட்டரும், கடைந்த ஜாப் ஒன்றும், அதன் வரைபடமும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மார்க் ஷீட்டை நீங்கள் பாருங்கள், பையனை அவர் பார்க்கட்டும். எந்த இருவரை எடுப்பது என்ற முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.